கிடாரமா, கடைச் சாமானா? வன்னியில் ஒரு புது வீட்டுக்குப் பழைய பொருள் தேடுதல்

தம்பி கனடாவில் இருக்கிறான். இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சிக்குப் பக்கத்து வட்டக்கச்சியில் அப்பாவின் காணியில் அவன் கட்டுவிக்கும் வீட்டுக்கு இப்போது பூச்சு வேலை நடக்கிறது. ஒரு நாள் போன் எடுத்தான். "அக்கா, ஹோலையும் விறாந்தையையும் பழைய சாமான்களாலதான் அழகாக்க வேணும். பித்தளை, மரக் கதிரை, வண்டில் சில்லு, எதெண்டாலும் பாருங்கோ. காசைப் பற்றி யோசிக்காதேங்கோ."

சரி என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் இது லேசான வேலை இல்லை என்று விளங்கியது. வீட்டில் மிஞ்சியதைத் திருத்தி வைக்கலாம். ஊருக்குள் விசாரித்து வாங்கலாம். கொழும்பு, கண்டி, அம்பலாங்கொடைப் பக்கத்துப் பழம்பொருள் கடைகளுக்குப் போகலாம். இல்லாவிட்டால் பழையது போலச் செய்த புதுச் சாமானை வாங்கலாம். மூன்று மாதமாக இந்த நாலு வழியிலும் நடந்து பார்த்தேன். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். மரத் தளபாடத்துக்குக் கடை நல்லது. பித்தளைக்கு வீட்டையும் ஊரையும்தான் பார்க்க வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் நல்ல புதுப் பித்தளையைப் புதியதாகவே வாங்கி வையுங்கள்.

இதே கேள்வியை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கிற ஒருவர் கேட்டால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். அங்கே பல வீடுகளில் பாட்டன் காலத்து அலுமாரி நின்ற இடத்திலேயே நிற்கிறது. வன்னியில் அப்படி இல்லை. இறுதிப் போரில், 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் மேற்கிலிருந்து கிழக்காக, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வோர் இடமாக நகர்ந்தபோது, ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் சாமானை விட்டுவிட்டுத்தான் போனோம். உழவு இயந்திரப் பெட்டி நிறைய ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்கள் கடைசியில் ஒரு சொப்பிங் பையோடு செட்டிகுளம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. அதனால் இங்கே ஒரு வீட்டில் அம்மம்மாவின் செம்பு ஒன்று இருக்கிறதென்றால் அது பத்தோடு பதினொன்றாக இருக்கிற செம்பு இல்லை. பெரும்பாலும் அது ஒன்றுதான் மிச்சம்.

எங்களிடம் மிஞ்சியது ஒரு கிடாரம். நெல் அவிக்கிற பெரிய பித்தளைக் கிடாரம். இரண்டு பேர் பிடித்தால்தான் அசையும். 2008 மார்கழி மழையில் அப்பாவும் தம்பியும் வளவுக்குள் இரண்டு கிடங்கு வெட்டினார்கள். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. ஒன்றில் அம்மாவின் சிங்கர் தையல் மிசினின் தலை. மற்றதில் கிடாரம், அதற்குள் குத்துவிளக்கும் இரண்டு செம்பும் ஒரு மூக்குப்பேணியும். மேலே சாக்கு, அதற்கு மேல் தகரம், பிறகு மண். கிணற்றுக் கட்டிலிருந்து பதினாறு அடி என்று அம்மா மனதில் பதித்து வைத்திருந்தா. 2010இல் திரும்பி வந்து, கண்ணிவெடி அகற்றுபவர்கள் காணியைப் பார்த்து முடித்த பிறகு தோண்டினோம். மிசின் புதைத்த கிடங்கை யாரோ எங்களுக்கு முதலே தோண்டியிருந்தார்கள். கிடாரம் அப்படியே இருந்தது. எங்கள் மண்வெட்டி பட்டு விளிம்பில் ஒரு நெளிவு விழுந்ததோடு சரி.

எடுத்தபோது அது பித்தளை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பச்சையும் கறுப்பும் மண்ணும் சேர்ந்து பாறை போல இருந்தது. பழப்புளியைக் கரைத்து, சாம்பல் சேர்த்து, தேங்காய்த் தும்பால் அம்மா மெதுவாகத் தேய்த்தா. பச்சைக் களிம்பு கரைந்து ஓடியது. அடியில் இரண்டு மூன்று இடத்தில் இளஞ்சிவப்பாகத் திட்டுகள் தெரிந்தன. பித்தளை என்பது செம்பு உலோகமும் நாகமும் (துத்தநாகம்) கலந்தது. நெடுநாள் ஈர மண்ணில் கிடந்தால் நாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். அந்த இடம் பலம் குறைந்தது, அழுத்தித் தேய்க்கக் கூடாது. விளிம்பை அண்டிப் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்து இரண்டு வெளியே வந்தபோது அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டா. அம்மம்மாவின் பெயரின் முதல் எழுத்தும் அவவின் அப்பாவின் முதல் எழுத்தும். சீதனமாகக் கொடுத்த பாத்திரங்களில் அப்படிப் பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் இரவல் போகும் பாத்திரம் மாறுப்படாமல் வீடு திரும்ப வேண்டும் அல்லவா.

பழைய பித்தளையை மினுக்குவதா, அப்படியே விடுவதா என்று பலர் கேட்கிறார்கள். பச்சைக் களிம்பை எடுத்துவிட வேண்டும். அது உலோகத்தைத் தின்னும். தவிட்டு நிறத்தில் படிந்திருக்கிற மெல்லிய தோலை விட்டுவிடலாம். அதுதான் பல வருடக் கை பட்ட நிறம். பிராசோ போட்டு ஒரு தரம் மினுக்கினால் அந்த நிறம் திரும்பி வர நெடுங்காலம் எடுக்கும். அதோடு சோளகக் காற்று தொடங்கினால் எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி வீட்டுக்குள் எங்கும் படியும். மினுக்கிய சாமான் பத்தையும் கிழமைக்குக் கிழமை துடைக்க யாருக்கு நேரம்? குத்துவிளக்கு மட்டும் வேறு. அது எரிகிற பொருள், மினுங்கத்தான் வேண்டும்.

ஊருக்குள் வாங்குவதென்றால் இங்கே கூடுதலாகக் கிடைப்பது கல்லும் மரமும். உரல், ஆட்டுக்கல், அம்மி எல்லாம் தூக்கிக்கொண்டு போக முடியாததால் பல வளவுகளில் அப்படியே கிடந்தன. இப்போது கிரைண்டர் வந்துவிட்டது. ஆட்டுக்கல் கிணற்றடியில் கவிழ்ந்து கிடக்கிறது. முற்றத்து மூலையில் வேப்ப நிழலில் வைத்தால் அவ்வளவு அழகு. சிலர் குழியில் தண்ணீர் விட்டுச் செவ்வரத்தம்பூ மிதக்க விடுகிறார்கள். விருந்தினர் வருகிற அன்று அப்படிச் செய்யுங்கள், அன்றைக்கே கவிழ்த்தும் விடுங்கள். நுளம்பு முட்டையிட்டு ஒரு கிழமை பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் வந்து முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

வண்டில் சில்லில் தம்பிக்கு ஆசை அதிகம். ஹோட்டல்களில் அதன் மேல் கண்ணாடி போட்டு மேசையாக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறான். ஒன்றை அளந்து பார்த்தேன். குறுக்காக நாலரை அடிக்கு மேல். என்னுடைய வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபாய் உதவியோடு கட்டியது. அந்த மேசையைப் போட்டால் என் ஹோலில் நடக்க இடம் இராது. தம்பியின் ஹோல் பெரியதுதான். ஆனாலும் சில்லை விறாந்தைச் சுவரில் சாய்த்து வைப்பதுதான் நல்லதென்று எனக்குப் படுகிறது. கீழே இரண்டு செங்கல் வைத்து மண்ணிலிருந்து உயர்த்த வேண்டும். பாலை மரமென்றால் லேசில் உக்காது. வேறு மரத்தைக் கறையான் ஒரு மாரிக்குள் கண்டுபிடித்துவிடும். வாங்குமுன் கட்டைவிரலால் அச்சுக்குடத்தை அழுத்திப் பாருங்கள். சின்னத் துளைகளும் அவற்றுக்குக் கீழே புது மாவும் இருந்தால் உள்ளே உளு இன்னும் வேலை செய்கிறது. துளை பழசாய், மாவில்லாமல் இருந்தால் பயமில்லை.

ஊரில் வாங்கும்போது விலை பேசுவதுதான் சங்கடம். வருபவர்கள் எல்லாம் பழைய இரும்பு, பித்தளை வாங்குபவர்களின் கிலோக் கணக்கில்தான் கேட்கிறார்கள். மீள்குடியேறிய முதல் சில வருடங்களில், கையில் காசில்லாத நேரத்தில், எத்தனையோ செம்பும் தாம்பாளமும் அந்தக் கணக்கில்தான் போயின. உருக்குகிறவருக்கு அது கிலோ. ஹோலில் வைக்கப் போகிறவருக்கு அது அலங்காரப் பொருள், அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும். ஒரு மூதாட்டியிடம் வெத்திலைத் தட்டமும் பாக்குவெட்டியும் கேட்டுப் போனேன். "பிள்ளை, நான் இன்னும் போடுறனான்" என்று சிரித்தா. அவவிடம் திரும்பக் கேட்கவில்லை.

கடைகளுக்குப் போனால் கண் நிறையும், மறுக்கவில்லை. முதிரை, தேக்கு, பலா, கருங்காலி என்று இன்று நினைத்தாலும் கிடைக்காத அகலப் பலகையில் செய்த மேசைகள், பிரம்பு பின்னிய சாய்மனைக் கதிரைகள், பெட்டகங்கள். மரம் விடயத்தில் நான் கடையின் பக்கம் நிற்பது இதற்காகத்தான். புதுசாக ஒரு முதிரைக் கதிரை செய்விக்கப் போனால் அதற்கான முற்றிய மரம் கிடைப்பது கடினம். கிடைப்பது பெரும்பாலும் இளமரம். காய முதலே அறுத்துச் செய்து, ஒரு வெயில் காலத்தில் வெடித்துவிடும். எழுபது எண்பது வருடம் காய்ந்த மரம் இனி லேசில் முறுக்காது. அதைப் புதிதாக மினுக்கவும் தேவையில்லை, பிரம்பை மட்டும் மாற்றிப் பின்னுவித்தால் அடுத்த தலைமுறைக்கும் நிற்கும்.

ஆனால் சொல்கிற வயதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு கடையில் "ஒல்லாந்தர் காலத்து மேசை" என்று காட்டினார்கள். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1796இல் இலங்கையை விட்டுப் போனவர்கள். லாச்சியை இழுத்து அடியில் பார்த்தேன். நட்சத்திரத் தலை ஸ்குரூ. அந்த வகை ஸ்குரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. பிறகு யாரோ திருத்தியிருக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். அப்படியும் இருக்கலாம். ஆனால் லாச்சியின் பக்கப் பலகைகளைப் பொருத்தியிருந்த பல்வெட்டு எல்லாமே ஒரே அளவில், மெசின் வெட்டியது போல இருந்தன. கையால் வெட்டியதென்றால் ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம் என்று கொஞ்சமாவது மாறும். கை படுகிற இடம் தேய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கதிரைக் கைப்பிடியின் நுனி, லாச்சியின் வாய், மேசைக்குக் கீழே கால் வைக்கிற சட்டம். கறுப்புச் சாயம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இனி, நான் கடையில் பித்தளை வாங்காமல் திரும்பிய கதை. கொழும்பில் ஒரு கடையின் கண்ணாடித் தட்டில் ஒரு மூக்குப்பேணி இருந்தது. கிண்ணம் போன்ற உடம்பு, ஒரு பக்கம் கூராக நீண்ட மூக்கு. வாயில் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கான வடிவம். கையில் எடுத்தபோது நல்ல பாரம். விளிம்பைத் திருப்பினேன். புள்ளி எழுத்தில் இரண்டு எழுத்து, கீழே "தண்ணீரூற்று" என்று ஊர்ப்பெயர். முல்லைத்தீவுக்குப் போகிற வழியில் இருக்கிற அதே தண்ணீரூற்று. அது எப்படிக் கொழும்புக்குப் போனது என்று கடைக்காரருக்குத் தெரியாது. விற்றதாகவும் இருக்கலாம், புதைத்ததை யாரோ கிண்டி எடுத்ததாகவும் இருக்கலாம். எங்கள் மிசின் தலையும் எங்கோ ஒரு கடையில் அழகுக்கு நிற்கக்கூடும். அந்தப் பேணியை வாங்கி ஹோலில் வைத்தால் வருகிறவர்கள் "ஆரின்ர?" என்று கேட்பார்கள். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. வைத்துவிட்டு வந்தேன். சிலர், வாங்கி ஊருக்குக் கொண்டுவந்து விசாரித்திருக்கலாமே என்று சொன்னார்கள். அதுவும் சரிதான், அன்று எனக்கு அது தோன்றவில்லை.

மூக்குப்பேணியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை நாங்கள் எங்கள் விருந்தோம்பலின் அடையாளமாகக் காட்டுகிறோம். அந்தப் பேணி வீட்டுக்குள் இருந்த அதே காலத்தில், படலைக்கு வெளியே சாதியின் பேரால் சிலருக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்த்த வழக்கமும் இருந்தது. பழைய பொருளை வைக்கிற வீட்டில் பிள்ளைகள் கேட்டால் இதையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கடையிலோ கையிலோ, கோயில் விளக்கு, மணி, விக்கிரகம் என்று யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிணறு வெட்டும்போதோ வயல் திருத்தும்போதோ அகப்பட்ட சுடுமண் உருவம், பழைய பானை, நாணயம் போன்றவையும் அப்படித்தான். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவை தொல்பொருட்கள். உங்கள் காணியில் அகப்பட்டது என்பதால் மட்டும் அது உங்களுக்குச் சொந்தமாகிவிடாது, அறிவிக்க வேண்டும். மன்னார் கட்டுக்கரையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது வெளிவந்த சுடுமண் உருவங்கள் அந்த மண்ணில் கிடந்த இடத்தோடு சேர்ந்துதான் எங்கள் வரலாற்றைச் சொல்கின்றன. பெயர்த்து ராக்கையில் வைத்தால் அது வெறும் பொம்மை. தம்பி போன்றவர்கள் திரும்பிப் போகும்போது பழைய பொருள் எதையும் பெட்டிக்குள் வைக்குமுன் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின்படி ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் தேவைப்படும்.

போரில் விழுந்த எறிகணைகளின் (செல்) கோதுகளைப் பூச்சாடியாக வைப்பதை அங்கங்கே பார்க்கிறேன். வெறும் கோதுதான் என்று வைத்தவருக்குத் தெரிந்திருக்கலாம். அதைப் பார்த்து வளர்கிற பிள்ளை, வயல் கரையில் கிடக்கிற இன்னொன்றையும் வெறும் கோது என்று நினைத்துத் தூக்கும். வன்னியில் அது உயிர் போகிற விடயம். எவ்வளவு வடிவாக இருந்தாலும் வீட்டுக்குள் வேண்டாம்.

புதிதாகச் செய்த "அன்ரிக்" சாமான் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மருந்து பூசிக் கறுப்பாக்கி, மேடான இடங்களை மட்டும் மினுக்கி விடுகிறார்கள். காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். பிடித்தால் உள்ளே இரும்பு, மேலே முலாம். விலையும் நல்ல பித்தளைக்குக் கிட்டவே வருகிறது. அந்தக் காசுக்குக் கண்டிக்குப் பக்கத்திலிருக்கிற பிலிமத்தலாவையில் வார்க்கிற புதுக் குத்துவிளக்கு ஒன்றை வாங்கலாம். பாரமாக, தண்டும் தட்டும் இறுக்கமாகப் பூட்டுவதாகப் பார்த்து எடுங்கள். பிறகு உங்கள் பிள்ளையின் பெயரின் முதல் எழுத்தையும் ஊரையும் அதில் வெட்டுவியுங்கள். வீட்டில் ஒன்றும் மிஞ்சாதவர்களுக்கு நான் மனமாரச் சொல்வது இந்த வழியைத்தான். எல்லாம் இழந்த குடும்பம் ஒன்று, வேறு குடும்பத்தின் எழுத்துள்ள செம்பை வைத்துப் பழமை காட்டத் தேவையில்லை. சுவருக்கும் மூலைக்கும் பனையோலைக் கடகம், சுளகு, மூடற்பெட்டி. அவை புதுசுதான், ஆனால் வடிவம் பழசு, பின்னுகிற கை பக்கத்து ஊர்ப் பெண்களுடையது. தூசி பிடித்துப் பழுதானால் இன்னொன்று வாங்கலாம்.

தம்பிக்கு இவ்வளவையும் போனில் சொன்னேன். வண்டில் சில்லு விறாந்தைக்கு, சாய்மனைக் கதிரை இரண்டு கடையிலிருந்து, குத்துவிளக்கும் மூக்குப்பேணியும் எங்களுடையது என்று முடிவானது. பூச்சு முடியாத சுவரில் வாசலுக்கு இரண்டு பக்கமும் விளக்கு மாடம் விடச் சொல்லி மேசனிடம் கேட்டிருக்கிறேன். இந்தக் கட்டத்தில் கேட்டால் செலவு சொற்பம்; பெயின்ற் அடித்த பிறகு கேட்டால் சுவரை உடைக்க வேண்டிவரும்.

கிடாரத்தில்தான் இழுபறி. ஹோல் மூலையில் வைத்துப் பெரிய செடி நடவேண்டும் என்றான். செடிக்குத் தண்ணீர் வடிய அடியில் துளை போட வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். "அதில ஆரும் துளை போடக்கூடாது. வீடு குடிபூரலுக்கு அதிலதான் பொங்கிறது" என்றா. அதனால் செடி தனிச் சாடியில் வந்து கிடாரத்துக்குள் இறங்கும், துளை இல்லை. பொங்கல் நாளில் சாடியை வெளியே எடுத்துவிடுவோம். அதற்கு முன் உள்பக்கத்துக்கு ஈயம் பூச ஒருவரைப் பிடிக்க வேண்டும்.

கடைசியில் தம்பி ஒன்று கேட்டான். "ஜாம் போத்தல் விளக்கு ஒண்டும் மிஞ்சேல்லையோ?" தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெயில் சின்னத் திரி எரிய, நாங்கள் இரண்டு பேரும் ஒரே விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து மிதித்து, டைனமோவில் ரேடியோ கேட்டதும் அந்த நாட்களில்தான். போத்தல் ஒன்றும் மிஞ்சவில்லை என்றேன். "அப்ப நான் வந்து செய்யிறன், எப்பிடிச் செய்யிறதெண்டு கை மறக்கேல்லை" என்றான். ஆடியில் வருகிறான். இடது பக்க மாடம் அதற்கென்று வெறுமையாக இருக்கிறது.